பழுதில்லாத பெட்டி

விமானம் தரையை விட்டு எழும்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வலப்பக்கம் திரும்ப வேண்டியது இடப்பக்கம் சாய்ந்தது. வழிகாட்டித் திரை அவர்களை ஏதோ ஒரு கடலின் நடுவே காட்டியது. ஜன்னலுக்கு வெளியிலோ காலை வெயிலில் குன்றுகள் பளிச்சென்று தெரிந்தன.

“எங்க திரும்புறீங்க? பக்கத்து ஓடுபாதையிலிருந்து ஒரு விமானம் ஏறுது. உடனே வலது பக்கம் வாங்க” என்றது கட்டுப்பாட்டுக் கோபுரம்.

கேப்டன் ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டு, விமானத்தைக் கையாலேயே வலப்பக்கம் வளைத்தார்.

“திரைய நம்பாத. மேல இருக்கிற காந்தத் திசைகாட்டியப் பாத்துச் சொல்லு.”

“நூத்தி நாப்பது... நூத்தி அறுபது... போதும் கேப்டன், நேராக்குங்க” என்றாள் துணை விமானி. அவள் அவருடைய தம்பி மகள். வீட்டில் பெரியப்பா என்பாள். விமானி அறைக்குள் அந்தச் சொல் வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

குன்றுகள் பின்னால் போயின. திரும்பி வந்து இறங்க கோபுரம் வழி கொடுத்தது. மூச்சு சீரானதும் கேப்டனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது.

“உங்கப்பன் லட்சணத்தப் பாத்தியா? நேத்து ராத்திரி இந்த வழிகாட்டிப் பெட்டியக் கழட்டி மாட்டினது அவன்தானே?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேகமானியைப் பார்த்தாள். அவர் விடவில்லை. தரையில் வேலை செய்கிற அத்தனை பேர் காதிலும் விழும் கம்பெனி ரேடியோவிலேயே எஞ்சினியரான தம்பியைக் கூப்பிட்டார்.

“நூத்தி எண்பது உசுரு பின்னால உக்காந்திருக்கு. நீ என்ன பாத்துக் கையெழுத்துப் போட்ட? அப்பா பேரக் குழி தோண்டிப் பொதைக்கத்தான் இந்த வேலைக்கு வந்தியா?”

“சரிபாத்துதான் போட்டேன்ணா. இறங்கி வாங்க” என்று மட்டும் பதில் வந்தது.

விமானம் நல்லபடியாக இறங்கியது. பயணிகள் முணுமுணுத்தபடி வெளியேறினார்கள். எண்ணெய்க் கறை படிந்த கைகளைத் துடைத்தபடி தம்பி விமானி அறைக்குள் வந்தார். கேப்டன் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

“யாரும் பேச வேண்டாம். மொதல்ல இதப் பாருங்க.”

புறப்படும் முன் விமானம் நிற்கும் இடத்தை எண்களாக அடித்துக் கொடுக்க வேண்டும். அந்த எண்கள் எதிரே பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். அன்று அடித்தது கேப்டன். பத்து நிமிடத் தாமதத்துக்காகப் பயணிகளை ஏற்றிவிடும் பணியாளரைக் காய்ச்சியபடியே அடித்தார். அவள் காட்டிய திரையில் மூன்று இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன; விமானம் தன்னைக் கடல் நடுவே காட்டியது அதனால்தான்.

“இடத்தைச் சரிபார்னு எச்சரிக்கை வந்துச்சு. இதுக்கு எப்பவும் இதே பல்லவின்னு நீங்கதான் அணைச்சீங்க” என்றாள்.

கேப்டனின் காது மடல் சுட்டது. முதுகில் இரும்புக் கம்பி வைத்துத் தைத்த ஆள் என்று அலுவலகத்தில் அவரைக் கேலி செய்வார்கள். அந்த முதுகு முதல் முறையாக இருக்கையில் சாய்ந்தது.

தம்பி கதவைச் சாத்தினார். “சரி, விடுங்கண்ணா. பெட்டியக் கழட்டிடுறேன். பழுதுன்னு எழுதிட்டாப் போச்சு. உங்களுக்கு ரிட்டயராக இன்னும் எட்டு மாசம். நம்ம குடும்பத்துக்கு எதுக்கு இந்த அசிங்கம்?”

ஆம் என்று சொல்ல கேப்டனின் நாக்கு மேலண்ணம்வரை போனது. பழுதுப் புத்தகம் மடியில் திறந்திருந்தது. தம்பி நேற்றுப் போட்ட கையெழுத்து அதில் இருந்தது. அதன் முதலெழுத்து அப்பாவுடையது. கேப்டனுடைய கையெழுத்தும் அதே எழுத்தில்தான் தொடங்கும்.

“பொய் எழுதிக் காப்பாத்துற அளவுக்கா நான் கெட்டுப்போயிட்டேன்? இன்னொரு தடவ அப்படிச் சொன்ன, பல்லு பேந்துடும்” என்றார். கோபம் இப்போது யார் மேல் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

எழுதினார். இலக்கத்தை விட்டது கேப்டன். எச்சரிக்கையை அணைத்தது கேப்டன். பெட்டியில் பழுதில்லை.

“சரிபாக்க வேண்டியது நான். அதையும் எழுதுங்க” என்றாள் அவள்.

“உன் தப்ப உன் கையால எழுது.” பேனாவை நீட்டினார்.

அவள் எழுதி முடிக்கும்வரை தம்பி நகரவில்லை. முகம் கன்றியிருந்தது.

“எல்லாத்தையும் எழுதிட்டீங்க. ஊரே கேக்க என்னத் திட்டினீங்களே, அத எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?”

கேப்டன் புத்தகத்தை மூடினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து நேராக்கிக்கொண்டார். பிறகு கம்பெனி ரேடியோவின் பொத்தானை அழுத்தினார்.

“கேப்டன் பேசுறேன். எல்லாரும் கேளுங்க. காலைல எஞ்சினியர் மேல நான் சொன்னது அத்தனையும் பொய். தப்பு என்னோடது.”

பொத்தானை விட்டுவிட்டுத் திரும்பினார். கடைசிச் சொல்வரை வாசலில் நின்ற தம்பி இப்போது அங்கே இல்லை. ஏணிப்படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.