வாசிப்பறைக் குரல்

1

வரலாறு என்பது இறந்தவர்கள் நம்மோடு பேசும் குரல். அதைக் கேட்கத் தெரிந்தவனே முழு மனிதன்.

இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு, அதன் கனம் தாங்காமல் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். திரும்ப உட்கார்ந்து படித்தபோதுதான், இறந்தவர்கள் யாரும் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் என்னோடு அதிகம் பேசியது தலைக்கு மேலே இருந்த மின்விசிறிதான்.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. காப்பகத்துக்கு ஆண்டுவிழாவாம், மலர் போடுகிறார்களாம். மலர்க்குழுச் செயலாளர் போன் செய்து, பழைய ஆய்வாளர் என்ற முறையில் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். "கொஞ்சம் கனமா இருக்கட்டும் சார்" என்றார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'ஆவணமும் ஆன்மாவும்'. படங்களை அவர் பார்த்துக்கொள்வாராம். விசாரித்ததில், எல்லாப் படங்களிலும் அவர்தான் இருக்கிறார்.

ஆன்மா வரைக்கும் போய்ச் சேருவதற்குள் கட்டுரை வழிதவறிக் கதையாகிவிட்டது. மலருக்கு ஆகாது. உங்களுக்கு ஆகுமா பாருங்கள்.

2

தொடக்கம், முதல் வரைவு: அன்று வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த கூந்தலோடு அவள்

(நிறுத்திவிட்டேன். மழை பெய்யவில்லை. நனைந்தவர்களை உள்ளே விடவும் மாட்டார்கள், காகிதத்துக்கு ஆகாது.)

இரண்டாம் வரைவு: காலம் உறைந்து கிடந்த அந்த அறையில்

(காலம் எங்கே உறைந்தது? சுவர்க் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் வேகமாகவே ஓடியது. கண்காணிப்பாளர் வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டியவர்.)

சரி, உள்ளதைச் சொல்கிறேன். உயரமான ஜன்னல்கள். நீளமான மேசைகள். பாச்சை உருண்டை வாசனை. பையை வாசலிலேயே வைத்துவிட வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். வேண்டிய கட்டின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், கிடங்கிலிருந்து நாடா கட்டிய காகிதக் கட்டு ஒன்று வரும். சில சமயம் நாம் கேட்டதே வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, பேசக் கூடாது என்பது. யாராவது வாயைத் திறந்தால் கண்காணிப்பாளர் தன் நாற்காலியிலிருந்து "உஷ்ஷ்" என்பார். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயரும் உஷ்தான். அந்தக் கட்டடத்திலேயே பெரிய சத்தம் அவர் போட்ட 'உஷ்'.*

* பேராசிரியர் ஒருவருக்கு மட்டும் விலக்கு. அவர் குறட்டை விடுவார். குறட்டை பேச்சில் சேராது என்று உஷ் தீர்ப்பளித்திருந்தார்.

3

அப்போது நான் தெருவிளக்குகளின் வரலாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தேன். (சிரிக்காதீர்கள். எங்கள் துறையில் சாக்கடையை ஆராய்ந்தவர் துறைத்தலைவரானார்.) அவள் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களை ஆராய்ந்தாள். கப்பல்காரி என்றே வைத்துக்கொள்வோம். நான் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட்டேன்.

துறைமுக விளக்குகள் பற்றிய கட்டு ஒன்று. விளக்கு என்பதால் நான் கேட்டேன், துறைமுகம் என்பதால் அவள் கேட்டாள். ஒரே நாளில் இரண்டு சீட்டு. உஷ் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்துவிட்டு, இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வேண்டும், கட்டு நடுவில் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். நான் மேலிருந்து படித்தேன். அவள் அடியிலிருந்து படித்தாள். வாரக்கணக்கில் இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தோம். அவள் தாளைப் புரட்டும்போது

(அவளுடைய விரல்களைப் பற்றி இங்கே நான்கு வாக்கியங்கள் இருந்தன. எடுத்துவிட்டேன். நன்றாக இருந்ததால்தான் எடுத்தேன்.)

ஒருநாள் நடுப்பக்கத்தில் சந்தித்தோம். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று நீங்கள் ஆவலோடு கேட்பீர்கள். கலங்கரை விளக்கத்துக் கழிவறைக்குச் சுண்ணாம்பு அடிக்க அனுமதி கேட்ட விண்ணப்பம். அவள் அதைப் படித்துவிட்டு என் பக்கம் குனிந்து, "அனுமதி கிடைச்சுதான்னு உங்க பாதியில இருக்கா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உஷ், "உஷ்ஷ்" என்றார். சந்தோஷம் என்றால் இன்றைக்கும் எனக்கு அந்தச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது.

4

இங்கே கட்டுரை மாதிரி ஒரு பத்தி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிசுகிசுப்பு என்பது குரலே அல்ல. அதில் ஏற்றமும் இறக்கமும் கிடையாது, வெறும் மூச்சு. யார் கிசுகிசுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஓர் ஆண்டு முழுக்க தினமும் பேசிக்கொண்ட இரண்டு பேர், ஒருவர் குரலை மற்றவர் கேட்டதே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

வெளியே வந்து பேசியிருக்கலாமே என்பீர்கள். வந்தோம். ஆனால் குரல் எங்களோடு வெளியே வரவில்லை. படிக்கட்டில் கிசுகிசுத்தோம். தேநீர்க் கடையில் கிசுகிசுத்தோம். கடைக்காரர் எங்களை ஏதோ வழக்கில் மாட்டியவர்கள் என்று நினைத்துத் தள்ளியே நின்றார். பேருந்து நிறுத்தத்தின் இரைச்சலில் அவள் சொன்னதில் பாதி எனக்குக் கேட்காது. தலையை ஆட்டிவிடுவேன். எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறேன் என்று இன்றுவரை தெரியாது.

5

இனித் தள்ளிப்போட முடியாது. அவளுக்குத் தூரத்து ஊர் ஒன்றில் கல்லூரி வேலை கிடைத்தது. கடைசி நாள், காகிதக் கட்டை நாடாவால் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து, மேசைக்கு மேல் குனிந்து சொன்னாள்: "திங்கக்கிழமை அவங்களுக்குப் பதில் எழுதணும். உங்களுக்கு ஏதாவது சொல்றதுக்கு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள போன் பண்ணுங்க."

எண்ணையும் சொன்னாள். உள்ளங்கையில் எழுதப் பார்த்தேன். பென்சில் தோலில் எழுதவில்லை. தெருவிளக்குக் குறிப்புகளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். கடைசி இலக்கத்தின்போது உஷ் நாற்காலியை இழுத்தார். ஒண்ணா, ரெண்டா? மூச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்று என்று எழுதினேன். மறுபடி கேட்டிருக்கலாம். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சொல்வதற்கு இருந்தது. போகாதே என்பதுதான். (வரைவில் இதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன், ஒற்றைச் சொல்லே போதும்.)

6

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். நல்ல கணீரென்ற குரல். இதுதான் அவள் குரலா, அவளுடைய அம்மாவா, தங்கையா? எப்படித் தெரியும்? பேசினேன். "யாரு?" என்றது அந்தக் குரல். சொன்னேன். "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டது.

நான் மறுபடி போடவில்லை. திங்கட்கிழமை எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கப்புறமும் அப்படியே.

7

முடிவுகள் சில இருக்கின்றன. கடைசி இலக்கம் ரெண்டு. உண்மையிலேயே ராங் நம்பர். அவள் நாள் முழுக்க போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இது இளைஞர்களுக்கு.

எடுத்தது அவள்தான், என்னை அடையாளம் தெரியவில்லை. இது விமர்சகர்களுக்கு. தகவல் தொடர்பின் தோல்வி என்றெல்லாம் எழுதலாம்.

எடுத்தது அவள்தான், நன்றாகவே தெரிந்தது. இது என்னைப் போன்றவர்கள் தூக்கம் வராதபோது வைத்துக்கொள்வதற்கு.

வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எதையும் சிபாரிசு செய்யப்போவதில்லை. ஆனால் அந்த மேசையும், ஜன்னல் வெயிலும், குனிந்து கேட்ட அந்தக் கேள்வியும் என்னுடையவை. அவற்றைத் தர மாட்டேன்.

8

இத்தோடு முடித்துவிட்டேன். அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு. ஒண்ணை விட்டுட்டியே" என்றாள்.

சொல்லாமல் விடுவதும் கலைதான் என்றேன்.

"கலையாவது மண்ணாங்கட்டியாவது. நீ போன் பண்ணப்போ நான் கூடத்துலதானே துணி தேய்ச்சிட்டிருந்தேன்? எழுது. இல்லேன்னா அந்தப் பொண்ணு மேல பழி போட்ட மாதிரி இருக்கு."

எழுதுகிறேன். என் குரலை அவள் கேட்டதே இல்லை என்பதால், கேட்டால் யாரென்று தெரியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். அதனால் அவளுக்குத் தெரிந்த மாதிரியே பேசினேன். முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, எடுத்த பெண்ணிடம், "நான்தான்" என்று கிசுகிசுத்தேன்.

அவள் யாரென்று கேட்டதும், இன்னும் மெதுவாக, மறுபடியும் "நான்தான்" என்றேன்.