நாற்பத்தொன்றாம் பூத்தின் துரோகி

எங்கள் நாற்பத்தொன்றாம் பூத்தில் கட்சிக்கு விழுந்தது நூற்று எண்பத்தெட்டு ஓட்டு. ஒரு காலத்தில் எழுநூற்றுக்குக் குறைந்ததே கிடையாது. என் வீட்டுக்காரர் சத்தியநேசன் கிளைச் செயலாளர். முப்பத்தொரு வருஷமாக அந்தப் பதவியை விடவில்லை. எண்ணிக்கை முடிந்த மறுநாள் காலையிலேயே வாக்காளர் பட்டியலை விரித்துப்போட்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். துரோகியைக் கண்டுபிடிக்கிறாராம்! மார்த்தாண்டம் கட்சி அலுவலகத்திலிருந்து சாயங்காலத்துக்குள் பெயர் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

தேர்தலுக்கு முன்னால் அதே பட்டியலில் டிக் போட்டவரும் இவரேதான். ஒரு வீட்டுப் படி ஏறவில்லை. சர்ச்சுக்குப் போகிற வீடா, டிக். அப்பன் காலத்தில் கொடி பிடித்த வீடா, டிக். "பிறந்ததே நம்ம கட்சியில. அவியகிட்ட போயி என்னத்த கேக்கியது?" என்பார். முன்பெல்லாம் பூத் சிலிப்பை வீடுவீடாகக் கொண்டுபோய், கட்டஞ்சாயா வாங்கிக் குடித்து, என்ன குறை என்று கேட்டுவிட்டு வருவார்கள். ஜெயித்து ஜெயித்து அந்தப் பழக்கமே விட்டுப்போயிற்று.

எங்கள் வீடும் சர்ச்சு வீடுதான். வாசலில் குழாய் பதிக்கத் தோண்டிய ரோட்டை இரண்டு வருஷமாக மூடவில்லை. அதில் விழுந்து என் கை ஒடிந்தது. ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "நம்ம ஆட்சிக்கு நாமளே மனு குடுக்கியதா? நாலு பேரு கேட்டா சிரிக்க மாட்டானுவளா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை வேறு எங்கே போய்க் காட்டுவது? ஓட்டு மெஷினில் காட்டினேன். மகள் ஜெனிலாவும் மகன் லிஜினும் அப்படியே செய்தார்கள்.

அவருடைய பேனா சுற்றிச் சுற்றி, கடைசியில் சிவதாணு அண்ணன் பெயரில் வந்து நின்றது. பதினெட்டு வயதில் இரண்டு பேரும் ஒரே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போஸ்டர் ஒட்டியவர்கள்.

"கோயிலுக்குப் போறவனுவ எல்லாம் அந்தப் பக்கம் சாஞ்சாச்சு. இவன் மட்டும் நிப்பானா?" என்றார்.

"வாயில வந்தத பேசாதீங்க. அந்த அண்ணன் மாற மாட்டாரு."

"பின்ன எவன் மாறினான்? நீயே சொல்லு!"

அந்த மனுஷன் பலியாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"நான் மாறினேன். ஜெனிலாவும் மாறினா, லிஜினும் மாறினான். இந்த வீட்டுல கட்சிக்கு விழுந்தது உங்க ஓட்டு ஒண்ணுதான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. முகம் மட்டும் செத்துப்போயிற்று. பட்டியலை மடித்துக் கையில் எடுத்தார், சட்டையை மாட்டினார், பஸ் ஏறப் போய்விட்டார். அப்பாடா, உண்மை தெரிந்துவிட்டது, இனி அண்ணனை விட்டுவிடுவார் என்று நம்பினேன். என்னைப் போல மண்டு உண்டா?

நாலாம் நாள் கட்சிப் பேப்பரில் வந்தது. கட்டுப்பாட்டை மீறியதால் சிவதாணு அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்திலிருந்தும் நீக்கம். மூன்றே வரி. அந்த மனுஷனுக்கு உறுப்பினர் அட்டையைத் தவிர வேறு பொறுப்பே இருந்ததில்லை.

அண்ணன் பேப்பரோடு வந்தார். அன்றைக்கும் கட்சிக் கரை வேட்டிதான் கட்டியிருந்தார். என் வீட்டுக்காரர் அவர் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டார்.

"ஜெயபாய், நீயாவது சொல்லு. நான் மாத்திக் குத்துவேனா?"

"நீங்க மாத்த மாட்டிய அண்ணே."

"அதை அவன்கிட்ட சொல்லப்பிடாதா, மக்கா? யாரு மாத்திப் போட்டான்னு தெரிஞ்சிருந்தா அவன் எனக்கு இப்பிடிச் செய்வானா?"

கண் கலங்கி நின்றார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாத்திப் போட்டது நான்தான் அண்ணே. அவருகிட்ட சொன்னேன். சொன்ன பொறவுதான் உங்க பேரை எழுதிக் குடுத்தாரு."