அலாஸ்காக் கல்லில் நீலம்

எண்ணெய் விலை தரைதட்டிக் கிடந்த 1998-ம் வருஷம், ஹூஸ்டனில் பூமிக்கடியில் எண்ணெய் தேடுகிறவர்களுக்கெல்லாம் வேலை ஆட்டம் கண்டிருந்தது. பால்துரையின் வேலை கொஞ்சம் கூடுதலாகவே ஆடியது. அலாஸ்காவின் வடகோடியில், பனிக்கடலை ஒட்டி, அவனுடைய கம்பெனி ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. அங்கே எண்ணெய் இருக்கிறது என்று இரண்டு வருஷமாக ஒற்றைக்காலில் நின்றவன் அவன். வெள்ளிக்கிழமைக்குள் அத்தாட்சி காட்டாவிட்டால் குத்தகையை விட்டுவிடுவார்கள். அவன் வேலை போகும், பாதி வழியில் நிற்கும் கிரீன் கார்டும் போகும்.

அத்தாட்சிக்கு அவனிடம் இருந்தவை பழைய கற்கள்தாம். ஒருகாலத்தில் யாரோ அங்கே துளை போட்டு, ஒன்றுமில்லை என்று மூடிவிட்டுப் போன கிணற்றின் மணற்கற்கள். ஹூஸ்டனை அடுத்த கேட்டி என்ற ஊரில் ஒரு கிடங்கில், அட்டைப்பெட்டிகளில் தூங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, ஓர் இருட்டுப் பெட்டிக்குள் வைத்து, புற ஊதா விளக்கைப் போட்டுப் பார்ப்பான். எண்ணெய் ஊறிய கல் என்றால் அந்த விளக்கில் ஒளிரும். அந்த வாரம் முழுக்க ஒரு கல்கூட அவனுக்கு இரங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் எலுமிச்சைச் சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு, கையைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, அடுத்த கல்லை வைத்தான். கல் தங்கமாய் ஒளிர்ந்தது. இத்தனை வருஷம் காய்ந்துபோன மேற்பரப்பில் இவ்வளவு பிரகாசம் எப்படி என்று படித்த புத்தி கேட்டிருக்க வேண்டும். ஆசை அதன் வாயைப் பொத்திவிட்டது. உடனே மேலாளர் டர்னருக்குப் போன் போட்டான். அவரும் கிளம்பிவிட்டார்.

அதற்குள் மனைவி கிருபாராணி வந்து சேர்ந்தாள். வீட்டில் ஒரே கார்; கிளினிக்கில் காலை நேர நர்ஸ் வேலை முடிந்ததும் அவனை அழைத்துப்போவது அவள்தான். கல் பேச்சை எடுத்தாலே அவளுக்குக் கொட்டாவி வரும்.

"ராணி, இங்க வந்து பாரேன். ஜாக்பாட்."

குனிந்து பார்த்தாள். "என்னங்க இது, விரல் விரலா இருக்கு?"

"ஆயில் அப்படித்தான் பேட்ச் பேட்சா இருக்கும்."

"உங்க கையைக் கொஞ்சம் உள்ள விடுங்க."

விட்டான். நகக்கண் முதற்கொண்டு விரல் நுனியெல்லாம் அதே தங்கம்.

"காலைல சாதத்துல நான் போட்ட மஞ்சள்தாங்க இது," என்றாள் மெதுவாக.

பால்துரை குழாயடிக்கு ஓடினான். சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தான். நகத்தில் ஏறிய மஞ்சள் இறங்குவதாயில்லை. "இனி நான் எதைத் தொட்டாலும் பொய்தான், ராணி. எல்லாம் முடிஞ்சு போச்சு."

"நான் மதியம் வெறும் பிரெட்தான் சாப்பிட்டேன்," என்றபடி அவளும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சுத்தியலை எடுத்தாள். "எங்க உடைக்கணும், சொல்லுங்க. கல்லுக்கு உள்ள யார் கையும் பட்டிருக்காது."

முதல் கல்லை உடைத்து வைத்தாள். இருட்டு. இரண்டாவதும் இருட்டு. மூன்றாவதன் உடைந்த பக்கத்தில், மணல் படிந்த வரியை ஒட்டி, மெல்லிசாய் ஒரு நீலம் இருந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று பயந்தான். "மேசைமேல இருக்கிற அந்த பாட்டில்ல இருந்து ஒரு சொட்டு விடு. ஆயில்னா பரவும்."

எண்ணெயைக் கரைக்கும் அந்தத் திரவம் விழுந்த இடத்தில் நீலம் கட்டவிழ்ந்து, தண்ணீரில் விட்ட பாலைப் போல மெதுவாகப் பரவியது.

அவன் இன்னும் கிட்டே குனிந்தான். பத்துக் கோடி வருஷத்துக்கு முன் அலாஸ்காவின் அந்த வடகோடியில் பனிக்கட்டி இல்லை. கடலோரமெல்லாம் காடு. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வெயிலைக் குடித்து வாழ்ந்து, செத்துச் சேற்றில் புதைந்திருந்தன. அந்த உயிர்களில் மிச்சம் இருந்ததைத்தான் இப்போது டெக்சாஸில் ஒரு தகரக் கிடங்கில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு சின்ன ஆள் நாம் என்று நினைத்தான். அந்த நினைப்பு சந்தோஷமாகவே இருந்தது.

டர்னர் வந்ததும் பால்துரை முதலில் தன் கையைத்தான் பெட்டிக்குள் விட்டான். போனில் சொன்ன தங்கம் இதுதான், என் சாப்பாடு என்றான். டர்னர் முகம் சுருங்கியது. கிருபாராணி தான் உடைத்த கல்லை வைத்து, இன்னொரு சொட்டு விட்டாள். அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நிலத்தை விட வேண்டாம், நாளைக்கு நான் பேசிக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, விளக்கை அணைக்கக் கையை நீட்டினார்.

"ஒன் மினிட்," என்றாள் கிருபாராணி, மறுபடியும் பெட்டிக்குள் குனிந்தபடி.