பதினொரு பேருக்கு ஊதினவள்

"எங்கம்மாவை இலைக் கொட்டகையிலிருந்து வெளியே மாத்துங்க சார். இன்னிக்கே."

இதை மட்டும் கேட்காதே என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். சோப்பு கேள், மழைக்கோட்டு கேள், கிழிந்த செருப்புக்கு வேறு செருப்பு கேள். இடம் மாற்றச் சொல்லி மட்டும் வாயைத் திறக்காதே. அப்படிக் கேட்ட எல்லாருக்கும் கம்பெனி இடம் மாற்றித்தான் கொடுத்தது, நேராக வீட்டுக்கு.

நான் கேட்டுவிட்டேன். அதுவும் அவளைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு.

சூப்பர்வைசர் பேனா மூடியால் காது குடைவதை நிறுத்தினார். "உக்காரும்மா பட்டதாரி. நின்னுக்கிட்டே சண்டை போட்டா கால் வலிக்கும்."

"சண்டை போட வரல. வெளியில மரங்களுக்குத் தண்ணி ஊத்துற வேலையில ஒரு இடம் காலியா இருக்கு. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"இவ சும்மா சொல்றா சார், எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. இந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல். அதில் கம்பெனி பராமரிக்கிற பூங்கா முழுசாகத் தெரியும். ஊரில் நெஞ்சு சரியில்லாதவர்களில் பாதிப் பேரை டாக்டர்கள் இங்கேதான் அனுப்புகிறார்கள். வாசலில் பலகையே இருக்கிறது: 'தினமும் ஒரு மணி நேரம் மரங்களோடு. உங்கள் நுரையீரல் நன்றி சொல்லும்.' நடப்பவர்கள் காலில் ஒரு சருகு மிதிபடக் கூடாது. அவ்வளவு சருகும் எங்கே போகிறது என்று நடப்பவர்களில் ஒருத்தரும் கேட்டதில்லை. மதிலுக்குப் பின்னால் போகிறது. அங்கே நாலு பக்கமும் தகரம் அடித்த கொட்டகை. வாடை நடப்பவர்கள் பக்கம் வந்துவிடக் கூடாது என்று ஜன்னல் வைக்காமல் கட்டியது. உள்ளே பெண்கள் சருகைக் குவித்து, தண்ணீர் தெளித்து, உரமாக மட்க விட்டு, வாரம் ஒருமுறை புரட்டிப் போடுவார்கள். புரட்டும்போது வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி ஆவி கிளம்பும். கூடவே வெள்ளையாக ஒரு தூள். பூசணம். முகத்தில் கட்டின பழைய துணி அதற்கு எந்த மூலைக்கு?

முதலில் பார்த்த டாக்டர், "நகரத்துத் தூசிதான். தினமும் கொஞ்ச நேரம் பார்க்குல போய் மரத்துக் காத்து வாங்குங்கம்மா" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது. "பதினேழு வருசமா வாங்கிக்கிட்டுத்தான் இருக்கேன் டாக்டர்" என்றாள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தத் தூள்ல இருந்து உடனே வெளிய வாங்க. போன நுரையீரல் போனதுதான். இருக்கறதையாவது காப்பாத்திக்கலாம்."

அதைத்தான் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து போய் பீரோவைத் திறந்து கொட்டகைப் பெண்கள் எல்லாருடைய அட்டைகளையும் கட்டாக எடுத்து வந்து மேசையில் போட்டார்.

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாங்க. நாங்களும் கண்ணை மூடிக்கிட்டு வேலை வாங்கல. பாரு. நானூத்திப் பத்து. நானூத்தி முப்பது. நானூறு. எனக்கே முந்நூத்தி எண்பது தாண்டாது. உங்கம்மா ஓங்கி ஊதினா இந்த ஜன்னல் கண்ணாடி தாங்காது."

அவர் சிரித்தார். அம்மாவும் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த எண்களெல்லாம் என் கையெழுத்து.

இரண்டு வருடத்துக்கு முன் கொட்டகையில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அதன்பிறகு கம்பெனி ஒரு ஊதுகுழாய் வாங்கிக் கொடுத்தது. கையடக்கமான பிளாஸ்டிக் குழாய். ஊதினால் முள் நகர்ந்து எண் காட்டும். காலையில் எழுந்ததும் ஊத வேண்டும் என்பதால் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். ஆளுக்கு ஒரு வாரம். தினமும் வந்த எண்ணை அட்டையில் எழுத வேண்டும். முந்நூறுக்குக் கீழே போனால் வேலை கிடையாது. பெண்கள் அதற்குப் 'பீப்பீ' என்று பெயர் வைத்தார்கள். அம்மா ஊதினால் முள் இருநூறிலேயே நின்றது. "நீ ஊதுடி. காலேஜ்ல ஓட்டப் பந்தயம் ஓடுறவதானே" என்று என்னிடம் நீட்டினாள். ஊதினேன். நானூத்திப் பத்து. அவளுக்கு எழுதத் தெரியாது. அதையும் நானே எழுதினேன்.

அடுத்த வாரம் சித்தி வந்தாள். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, அதே கொட்டகை. "எனக்கும் ஒரு ஊது ஊதிக் குடுடி ராசாத்தி. உன் நெஞ்சு லாரி டயர் மாதிரி இருக்கு" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் எதிர்வீட்டு அக்கா, அவள் நாத்தனார் என்று வரிசையாக வந்தார்கள். கொட்டகையில் வேலை பார்த்த பதினொரு பேருக்கும் என் ஒரு நெஞ்சுதான். ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதுகிற அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் காலேஜுக்குப் போனவளின் மூளை.

போன மாதம் சித்தி போய்விட்டாள். கடைசி வாரம் தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். கொட்டகைதான் அவளைக் கொன்றது என்று சித்தப்பா இதே அறையில் வந்து கத்தினார். அவர் கையில் சித்தியின் அட்டையின் நகலைக் கொடுத்தனுப்பினார்கள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தார். "படிச்சுச் சொல்லும்மா, என்ன எழுதியிருக்கு?"

"சித்தி நல்லா இருந்தாங்கன்னு எழுதியிருக்கு சித்தப்பா."

அவர் அதற்கப்புறம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இத்தனையையும் மறைத்துக்கொண்டு அம்மாவை மட்டும் வெளியே இழுத்துவிடலாம் என்றுதான் நான் இன்றைக்கு வந்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் வந்தேன்.

"இது அம்மா ஊதினது இல்ல சார்" என்றேன். "நான் ஊதினது."

அம்மா என் முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளினாள். "பைத்தியக்காரி சார் இவ. நான்தான் ஊதினேன். எங்க அந்தப் பீப்பீ? குடுங்க."

அவர் கொடுக்கும்வரை காத்திருக்காமல் வாரம் முடிந்து திரும்பி வந்து மேசை ஓரத்தில் கிடந்த குழாயை எடுத்தாள். தோளை உயர்த்தி, கண்ணை இறுக்கி மூடி, உடம்பில் இருந்ததையெல்லாம் சேர்த்து ஊதினாள். நூற்றி நாற்பது. "வாயில சரியா வைக்கல சார்." மறுபடி ஊதினாள். நூற்றி இருபத்தைந்து. உதடு நீலமாகிவிட்டது. மூன்றாவது தடவை முள் நூறைத் தாண்டவில்லை. "இன்னொரு தடவை சார்" என்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளை மாதிரி.

"போதும்மா. வெச்சிரு" என்றார் சூப்பர்வைசர். அவர் குரலிலிருந்து கிண்டல் போயிருந்தது.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நான் பாக்கல. நீயும் ஒண்ணும் சொல்லல. உங்கம்மா நாளையிலிருந்து தண்ணி ஊத்தட்டும். கார்டெல்லாம் இருக்கற மாதிரியே பீரோவுல இருக்கட்டும். என்ன?"

"மத்த ஒன்பது பேரு?"

"அவங்க யாராவது வந்து உன்கிட்ட கேட்டாங்களா?"

"என்னை ஊதச் சொல்லிக் கேட்டாங்களே சார்."

"இங்க பாரும்மா. இது வெளிய போச்சுன்னா முதல்ல உங்கம்மாவுக்கு வேலை போகும். அப்புறம் அந்த ஒன்பது பேருக்கும் போகும். எழுதிக் குடுத்த உன்னையும் சும்மா விட மாட்டாங்க. அப்புறம்தான் எங்க பக்கம் வருவாங்க."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அம்மா என் கையைப் பிடித்தாள். கிள்ளின இடத்தையே தடவிக்கொடுத்தாள். "சரின்னு சொல்லுடி. நீ கேட்டது கிடைச்சிருச்சுல்ல? மரத்தடியில, வெளியில, காத்தோட்டமா... இதுக்குத்தானே வந்தே? அவங்க பாட்டை அவங்க பாத்துக்குவாங்க."

"சித்தி பாத்துக்கிட்டாளாம்மா?"

கையை உதறினாள். அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை, அழுவதற்கும் மூச்சு வேண்டுமே. "உன்னைப் படிக்க வைக்கத்தாண்டி அந்தக் கொட்டகையில கிடந்தேன்" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று சொன்னாள். "வேலை போச்சுன்னா என் முகத்துல முழிக்காதே."

மேசையில் கிடந்த கட்டிலிருந்து சித்தியின் அட்டையை உருவி எடுத்தேன். சூப்பர்வைசர், "அதை வை" என்றார். கையில் அட்டையோடு கதவைத் திறந்தேன்.

"எங்கடி போறே?" என்று அம்மா கத்த நினைத்தாள். பாதிதான் சத்தமாக வந்தது.

புகார் வாங்குகிற தொழிலாளர் ஆபீஸ் ஐந்து மணி வரைக்கும் திறந்திருக்கும். அதற்கு முன்னால் சித்தப்பாவைப் பார்க்க வேண்டும். பஸ் டெப்போவில் வண்டி கழுவிக்கொண்டிருப்பார். அவருக்கு நான் தப்பாகப் படித்துச் சொன்னதைச் சரியாகச் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் என்னை அடித்தாலும் அடிப்பார். படியிறங்கினேன்.