சின்னத் தொட்டிக்குப் பெரிய ஃபில்டர்

அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து குளோரினிடம் யாரும் ஒரு யோசனைகூடக் கேட்டதில்லை. நீச்சல் குளத்தில் வேலை பார்த்தபோது கூட இருந்தவர்கள் வைத்த பெயர் அது. குளத்தை இழுத்து மூடினார்கள். வேலை போனது, உடம்பிலிருந்த மருந்து வாடையும் போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு அக்கா வீடுவரை வந்தது. அத்தான்தான் அதை வாய் நிறையக் கூப்பிடுவார். கூடத்து சோஃபாவில் படுக்கை, வேளாவேளைக்குச் சாப்பாடு. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, தட்டை வைக்கும் சத்தத்தில்தான் இருந்தது.

அப்பேர்ப்பட்ட அத்தான் ஒருநாள் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. உள்ளே நீல நிறத்தில் ஒரே ஒரு ஃபைட்டர் மீன். உடம்பு விரல் அளவு, வால் மட்டும் பாவாடை மாதிரி விரிந்திருந்தது.

"எங்க மேனேஜரோட மீன். ஊருக்குப் போறார், வர்ற வரைக்கும் பாத்துக்கச் சொன்னார். ஃபில்டர் கெட்டுப்போச்சாம், புதுசு போடணும். தண்ணி விஷயம் உனக்குத்தானே தெரியும், எந்த சைஸ் வாங்கலாம்?"

குளோரின் பதில் சொல்வதற்குள் அத்தான் குரலைத் தாழ்த்தினார். "அவர் கிளப் கமிட்டியில இருக்கார். அங்க நீச்சல் குளத்துக்கு ஆள் தேடறாங்க. மீனை நல்லபடியா கையில குடுத்துட்டா, அந்தச் சூட்டோட உன் பேச்சை எடுத்துடறேன்."

குளோரினுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை கிடைத்தால் தனி அறை, தனிச் சாவி. முக்கியமாக, யாரும் எழுந்திருப்பதற்குமுன் போர்வையை மடித்து ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

மீன் கடையில் கடைக்காரம்மா கைக்கடக்கமான ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டரை எடுத்து வைத்தாள். "என்ன மீன் வளக்கறீங்க?"

"மீனை விடுங்கம்மா. தண்ணி எவ்வளவுன்னு கேளுங்க" என்றான் குளோரின். குழந்தைகள் குளத்தில் பெரிய குளத்தைவிட வேகமாகத் தண்ணீர் சுற்ற வேண்டும். கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் கெடும். இது அவன் தொழிலில் அரிச்சுவடி. இவ்வளவு சின்னத் தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம். அலமாரியின் மேல்தட்டில் இருந்த பெரிய ஃபில்டரைக் காட்டினான். அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்று இறக்கிக் கொடுத்தாள்.

மறுநாளே தண்ணீர் பளிங்காக இருந்தது. அத்தான் நாலு பக்கமும் குனிந்து பார்த்தார். "தொழில்காரன் தொழில்காரன்தான்" என்று அக்காவிடம் சொன்னார். போட்டோ எடுத்து மேனேஜருக்கும் அனுப்பினார். அன்றைக்கு அக்கா தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள். இன்னொரு லாபமும் இருந்தது. ஃபில்டர் போட்ட இரைச்சலில் உள்ளறைப் பேச்சு எதுவும் கூடத்துக்குக் கேட்கவில்லை. பல நாள் கழித்துக் குளோரின் நன்றாகத் தூங்கினான்.

எல்லோரும் வேலைக்குப் போனபிறகு தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவன் பொழுதுபோக்கானது. அப்படிப் பார்த்ததில்தான் விஷயம் புரிந்தது. மீன் நீந்தவில்லை. தண்ணீர் அதைத் தூக்கி ஒரு மூலையில் அடித்தது, அங்கிருந்து இன்னொரு மூலைக்கு இழுத்தது. கொஞ்ச நாளில் அது கல்லுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. வால் ஓரமெல்லாம் கிழிசல். தீனி போட்டால், வாயருகே வருவதற்குள் தண்ணீர் அதைச் சுருட்டிக்கொண்டு போனது.

குழந்தைகள் குளத்தில் குழந்தைகள் ஆடிவிட்டு ஏறிப் போய்விடுகிறார்கள். இது எங்கே ஏறிப் போகும்? இவ்வளவு காலம் தண்ணீரோடு பிழைத்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஃபில்டரை மாற்று என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் 'தொழில்காரன்' போய்ப் பழைய குளோரின் வந்துவிடுவான். அதனால் வாயைத் திறக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ஸ்பாஞ்சில் புதிதாக ஒன்றை எடுத்து வெட்டி, தண்ணீர் கொட்டும் வாயில் ஒரு துண்டும், உறிஞ்சும் குழாயில் ஒரு துண்டும் நூலால் கட்டினான். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் அடங்கியது. மீன் தயங்கித் தயங்கி வெளியே வந்து, மேலே மிதந்த தீனியை ஒரு கொத்து கொத்தியது. குளோரினுக்குக் கண் கலங்கிவிட்டது, பக்கத்தில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

மேனேஜர் ஊர் திரும்பி, மீனை வாங்கிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். காலையிலிருந்தே அக்கா வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் துடைத்தாள். குளோரினைக் கடைக்கு அனுப்பினாள், வந்ததும் மறந்துபோன சாமானுக்காக இன்னொரு தடவை அனுப்பினாள். திரும்பி வந்து நிமிர்ந்தால், தொட்டி கண்ணாடிக் கடையில் வைத்ததுபோல மின்னியது.

"அக்கா, இதுல ஸ்பாஞ்சு கட்டியிருந்தேனே?"

"அந்தக் கண்றாவியா? வெளியாள் வர்ற நேரத்துல மஞ்சளா தொங்கிட்டிருந்துச்சு. அப்பவே எடுத்துக் குப்பையில போட்டுட்டேன். ஏன்டா?"

அவன் தொட்டியருகே குனிந்தான். அவன் பார்த்த இடத்தை அவளும் பார்த்தாள். மீன் உறிஞ்சும் குழாயோடு ஒட்டிக் கிடந்தது. கிழிந்த வால் மட்டும் தண்ணீர் ஓட்டத்தில் ஆடியது. அக்காவின் முகம் வெளுத்தது. காலிங் பெல் அடித்தது.

அத்தான் மேனேஜரைச் சிரித்த முகத்தோடு தொட்டிவரை அழைத்து வந்தார். சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. "எப்படி ஆச்சு?" என்று மனைவியைத்தான் கேட்டார்.

அக்கா ஒரு கணம் தம்பியைப் பார்த்தாள். "நான் என்னங்க கண்டேன்? ஃபில்டர் இவன் வாங்கினது. எல்லாம் தெரியும் தெரியும்னான். இவ்வளவு வேகமா தண்ணி அடிச்சா அது எப்படித் தாங்கும்?"

அவள் சொன்னதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. அதுதான் குளோரினுக்குத் தாங்கவில்லை. குப்பைத்தொட்டி நாலு எட்டில் இருந்தது. போய் அந்த மஞ்சள் துண்டை எடுத்துக் காட்டினால் போதும். ஆனால் அக்காமீது பாயும் அத்தான் கோபம் எப்படிப்பட்டது, எத்தனை நாள் நீளும் என்று இந்த சோஃபாவில் படுத்தே அவன் கேட்டிருக்கிறான். "என் தப்புதான் அத்தான்" என்றான்.

மேனேஜர் பெரிய மனிதர், கோபப்படவில்லை. "பரவாயில்ல விடுங்க. தண்ணி மட்டும் ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார். நீச்சல் குளப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தொட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைப் பாதி குடித்துக் கிளம்பிப் போனார்.

அத்தான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனபிறகு, அக்கா டீ கிளாஸை எடுக்க வந்தாள். அவனைப் பார்க்காமலேயே பேசினாள். "நீ ஆம்பள, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு எங்கயாவது போயிடுவ. நான் இங்கதானேடா இருக்கணும்."

அவள் போனதும் குளோரின் மீனை ஒரு கரண்டியால் எடுத்துத் தாளில் சுற்றினான். ஃபில்டரின் சுவிட்சை அணைத்தான். இரைச்சல் நின்றதும் வீடு புதிதாக வாய் திறந்தது. உள்ளறையிலிருந்து ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"உன் தம்பி எப்ப கிளம்பறான்?"

"நானே சொல்லிடறேங்க. மாசக் கடைசிக்குள்ள போகச் சொல்றேன்."

குளோரின் குனிந்து சுவிட்சைத் திரும்பப் போட்டான். மீன் இல்லாத தொட்டியில் தண்ணீர் பழையபடி வேகமாகச் சுற்ற ஆரம்பித்தது. அவன் சோஃபாவில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான்.