கிழக்குப் பக்கம்

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, செத்துப்போன அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தான் தாமோதரன். நகக்கண்ணில் ஏறியிருந்த பழுப்பு அசைந்துகொடுப்பதாக இல்லை.

"வுடு தாமு, அது போவாது," என்றாள் அண்ணி லோகநாயகி. "உசுரோட இருந்தப்பவே போனதில்ல."

முந்திரிக்கொட்டை எண்ணெய் அது. கடற்கரையில் படகுக்குப் பூசுவதை அவள் புருஷன் கங்காதரன் கொல்லையிலிருந்த விறகுக் கொட்டகைக்குப் பூசுவான். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு மிஷின் வந்திறங்கிய பெட்டிகளின் பலகைகளை வாங்கி வந்து அவனே ஆணியடித்து நிறுத்திய கொட்டகை. ஈர விறகை ஊதி ஊதி அவளுக்கு இரைப்பு வந்த வருஷம் கட்டியது. ஆணியே உப்புக்காற்றில் பொடியாக உதிர்கிற ஊரில் பலகை எத்தனை நாள் தாங்கும்? அதனால் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் பூச்சு. முதல் வருஷம் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த நாற்றம்தான் தெரிந்தது. சோற்றில் கை வைத்தால்கூட அதே நாற்றம். "பிரிச்சிப் போட்டுத் தொலையேன்" என்று அவள் சொல்லாத மாதம் கிடையாது.

இந்த வருஷம் மூன்று பக்கம் வெயிலிலேயே முடிந்துவிட்டது. கடலைப் பார்த்த கிழக்குப் பக்கத்துக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை கொஞ்சம் விட்ட ஒரு மத்தியானம் அவசர அவசரமாகப் பூசினான். ஈரக்காற்றில் எண்ணெய் எப்படிக் காயும் என்று அவள் கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் பலகையில் புறங்கையை வைத்துப் பார்ப்பான். "இன்னும் காயல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காப்பிக்கு வருவான். அப்படி வந்த ஒரு காலையில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்கடியில் துண்டை விரித்துக் கிடந்ததில் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. நேற்று சாயங்காலம் அவன் கேட்டான்.

"லோகா, கெழக்குப் பக்கம் காஞ்சிச்சா?"

அவனைச் சேர்த்ததிலிருந்து வீட்டுப் பக்கமே போகாதவள் அவள். அலுப்பில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "எல்லாம் காஞ்சிச்சி. பேசாம படு."

அவனும் பேசாமல் படுத்தான். அதற்குப் பிறகு பேசவேயில்லை.

தெருவிலிருந்து முனிசாமி சொட்டச் சொட்ட வந்து நின்றான். பக்கத்து வீட்டுக்காரன், சுடுகாட்டு வேலைகளைப் பார்க்கப் போனவன்.

"வெறகுக் கடையில சவுக்குக் கட்ட பூரா ஊறிப் போய் கீதுக்கா. பத்த வெச்சா பொகதான் வரும். பொழுதுக்குள்ள முடியாது."

எல்லோருடைய பார்வையும் கொல்லைப் பக்கம் போய்த் திரும்பியது. தாமோதரன்தான் வாயைத் திறந்தான்.

"அண்ணி, கொட்டாயில கீற வெறகு பத்தாது. பலகையையும்..."

லோகநாயகி எழுந்து தூறலில் இறங்கினாள். பிரித்துப் போடு என்று தொண்டை வற்றக் கத்தியவளுக்கு இப்போது ஒரு 'சரி' வரவில்லை. வடக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். மழைத்தண்ணீர் முத்து முத்தாக வழிந்ததே தவிர ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. மேற்கும் அப்படி, தெற்கும் அப்படி. கிழக்குப் பக்கம் வந்ததும் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். கை ஒட்டிக்கொண்டது.

போகிற மனுஷனிடம் பொய்யைச் சொல்லி அனுப்பிவிட்டோமே. கையைப் பிய்த்து எடுத்தாள்.

"இத்த வுட்டுட்டு மத்த மூணு பக்கத்தையும் பிரிங்க."

"எண்ணெ கீதுக்கா," என்றான் முனிசாமி. "இதுதான் நல்லா எரியும்."

"இன்னும் காயல முனிசாமி. காயட்டும், வுடு."

கடப்பாரை போட்டு நெம்ப ஆரம்பித்தார்கள். துருப்பிடித்த ஆணிகள் ஒவ்வொன்றும் முனகிக்கொண்டே வெளியே வந்தன. பலகைகளும் உள்ளேயிருந்த விறகும் தார்ப்பாய் மூடிய மாட்டு வண்டியில் முன்னால் போயின. கொல்லையில் இரண்டு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கிழக்குப் பக்கம் மட்டும் தனியாக நின்றது.

கங்காதரனைக் குளிப்பாட்டி, கோடி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசித் தட்டோடு அவன் அக்கா பூவாயி வந்தாள்.

"இன்னாடி இது கையி? கழுவிகினு வா."

லோகநாயகி தொட்டியடிக்குப் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். புளியைப் போட்டுத் தேய்த்தாள். அந்தப் பழுப்பு அப்படியே இருந்தது. "நேரமாவுது, வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வந்து உட்கார்ந்து அரிசியை அள்ளினாள். அவன் உதட்டருகே கொண்டுபோய்க் கையைக் கவிழ்த்தாள். அரிசி விழுந்தது. நாலைந்து மட்டும் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. பூவாயி தட்டிவிடக் கையை நீட்டினாள்.

லோகநாயகி விரல்களை மடக்கிக்கொண்டாள்.