அக்கா போட்ட ஒட்டு

கவிழ்ந்தாலும் பாய்ப்படகை மிதக்க வைப்பது அதன் காற்றறைதான். அதற்குள் குழாய் வழியே மூச்சு முட்ட ஊதிவிட்டு, ஒட்டுப் போட்ட விரிசல் மேல் அவள் சோப்பு நுரை தடவினாள். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. அவள் போட்ட ஒட்டாயிற்றே, எங்கே கிளம்பும்?

படகு வாங்க வந்தவர் குனிந்து பார்த்தார். "பழசாச்சே, கவுந்தா முழுகிடாதேம்மா?"

"போன மாசமே கவுந்துச்சு. முழுகல." நேரம் கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். "என் தம்பி விடிய விடிய இதைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்து பொழைச்சுட்டான்."

"தனியாவா போயிருந்தார்?"

"கூட எங்க வீட்டுக்காரரும் இருந்தார்." அவள் நுரையைத் துடைத்து, துணியைப் பிழிந்தாள். "'உங்க அக்கா போட்ட ஒட்டுடா, இது எங்க தாங்கப்போகுது'ன்னு சொல்லிட்டு, கரையைப் பார்த்து நீந்தப் போயிட்டார்."